அடுப்பு எரியாத லயம்

புதன்கிழமை விடியற்காலையில் அழகம்மா கிழித்த முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதை உள்ளங்கையால் மறைத்து, காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளுக்கு அடியில் பதமாகக் கொண்டுபோனாள். நெருப்பு விறகைத் தொட்டது. யாரோ வாயால் ஊதியதுபோல் மெல்லிய காற்று ஒன்று அடுப்புக்குள்ளிருந்து வந்தது. அதுவும் அணைந்தது.

"ஏங்க, இந்த அடுப்பு பத்த மாட்டேங்குது."

நல்லையா முன்வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தார். "வெறகு ஈரமா இருக்கும்."

"அடுப்புக்கு மேல அட்டத்துல ஆறு மாசம் கெடந்த மிலாறு. ஈரமாம் ஈரம். நீங்களே வந்து தொட்டுப் பாருங்க."

எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை நல்லையா. எழுந்து வந்து விறகை ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். எண்ணெய் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. றக்வான டவுனில் ஜஸீல் கடையில் கலப்படம் செய்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே, அதே போத்தலையும் அதே குச்சிப் பெட்டியையும் வெளியே படிக்கட்டுக்கு எடுத்துப்போய் ஒரு துண்டுக் காகிதத்தை நனைத்துக் கொளுத்தினார். காகிதம் குப்பென்று எரிந்து கையைச் சுட்டது. உள்ளே கொண்டுவந்தால் அணைந்தது.

அது அவர்கள் வீட்டு அடுப்பின் கோளாறு மட்டும் இல்லை. ஏழு மணிக்கு, ஒரே கூரைக்கடியில் வரிசையாக இருக்கும் காம்பரா வீடுகளில் அடுத்ததிலிருந்து செலினா வெறும் சட்டியோடு வந்தாள். "மாமி, கொஞ்சம் நெருப்பு இருந்தாக் குடுங்க. எங்க அடுப்பு செத்துக் கெடக்கு."

அவள் புருசன் டெனிஸ்டன் வெளியே நின்று சிரித்தான். "மூணாம் காம்பராவுல காஸ் அடுப்பும் பத்தலையாம் மாமா. சிலிண்டர்ல தண்ணி அடைச்சு வித்துட்டானுங்க போல."

பத்து மணிக்குள் அந்த லயத்தின் ஆறு காம்பராக்களிலும் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்துபோனது. மேல் லயத்தில் எரிந்தது. கோயில் மடத்தில் எரிந்தது. இந்த ஆறில் மட்டும் இல்லை. ஆட்கள் பாணும் சம்பலும் வாங்கித் தின்றுவிட்டு மலைக்கு வேலைக்குப் போனார்கள். போகிற வாக்கில் செலினா சொன்னாள்:

"பொணம் கெடக்குற லயம் மாதிரியே இருக்கு மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு லயத்தில் சாவு விழுந்தால் பிணம் வெளியே போகும்வரை அந்த லயத்தில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. வேதக்காரர்களும் அப்படித்தான், சாமி கும்பிடுகிறவர்களும் அப்படித்தான். மேல் லயத்துக்காரர்கள் சோறு ஆக்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது.

நல்லையா சிரிக்கவில்லை. கையிலிருந்த பாண் துண்டைக் காகிதத்தில் திரும்பச் சுற்றி வைத்தார்.

ஏனென்றால் பிணம் ஒன்று இருந்தது. இந்த லயத்துப் பிணம்தான். ஆனால் அது சுவிஸில் ஒரு ஏரிக்கரை ஊரில், குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தது. அது அவருடைய தம்பி சன்னாசி. இந்தத் தோட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நல்லையாதான். அழகம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்தில் இந்த லயத்துக்குத் தீ வைத்தபோது சன்னாசிக்குப் பதினைந்து வயது. "இனி இங்க இருக்க மாட்டேண்ணே" என்று சொல்லி, உடுத்த துணியோடு வவுனியாவுக்கு லொறி ஏறினான். அங்கிருந்து கிளிநொச்சி. காடு வெட்டி, காணி பிடித்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகள். இரண்டாயிரத்து ஒன்பதில், போரின் கடைசி நாட்களில், அந்தக் கடற்கரை மணலில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் ஒரே பகலில் போனார்கள். இவன் மட்டும் நடந்து வெளியே வந்தான். முகாமில் கிடந்து, எப்படியோ வெளிநாடு போய்ச் சேர்ந்தான். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை தவறாமல், உலக நாடுகள் கூடுகிற ஒரு பெரிய கட்டடத்துக்கு முன்னால் செத்தவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் பிள்ளைகளுடைய படத்தைவிட, கேட்க ஆள் இல்லாமல் போனவர்களுடைய பெயர்களைத்தான் அதிகம் வாசித்தான். பதினைந்து வருசம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்குப் போன் எடுப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் போனில் வேறு குரல் வந்தது. சுகந்தினி என்று ஒரு பெண்பிள்ளை, அந்தக் கட்டடத்துக்கு முன்னால் சன்னாசியோடு சேர்ந்து நிற்கிறவள். ஆறு நாளைக்கு முன்னால், திங்கட்கிழமை இரவு, ஏரியில் மிதந்தாராம். விழுந்தாரா, விழுத்தினார்களா, ஒருத்தருக்கும் தெரியாது. கூடப் பிறந்த ஆள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் உடம்பையும் கொடுப்பார்கள், எப்படிச் செத்தார் என்று திரும்பவும் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை அவர்களே எரித்துவிடுவார்கள்.

"யோசிச்சு சொல்றேன்மா" என்றார் நல்லையா.

யோசிக்க அவருக்கு ஒரு நாள்கூட விடவில்லை. திங்கட்கிழமை, அழகம்மா வீட்டில் இல்லாத நேரத்தில், இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். எங்கிருந்து என்று அவர்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையில் தயாராக எழுதிய காகிதம் இருந்தது. ஒருவன் சுவரில் தொங்கிய மகள் கலைச்செல்வியின் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "துவ டீச்சர் கெனெக் நேத?" என்று சிங்களத்தில் தன்மையாகக் கேட்டான். மகள் டீச்சர்தான். போன வருசம்தான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்திருந்தது.

"மட்ட எஹெம மல்லி கெனெக் நே, மாத்தயா" என்றார் நல்லையா. எனக்கு அப்படியொரு தம்பி இல்லை. சொல்லிவிட்டுத் தன் பெயரைக் கோணல் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சுகந்தினி திரும்ப எடுத்தபோது அதையே தமிழில் சொன்னார்.

புதன்கிழமை அடுப்பு எரியவில்லை.

அன்று பின்னேரம் மூடுபனி மலையிலிருந்து இறங்கி லயத்துக் கூரைத் தகரத்தில் உட்கார்ந்தபோது, உள் காம்பராவில் ஒரு வாடை வந்தது. முதலில் ஈரச் சுவரின் வாடை என்று நினைத்தார். பிறகு இரும்பும், பினாயிலும், அதற்கு அடியில் இனிப்பாக வேறொன்றும் கலந்து மூக்கில் ஏறியது. அந்த வாடையை அவருக்குத் தெரியும். மண்சரிவில் செத்த ஒருவரை அடையாளம் காட்ட இரத்தினபுரிப் பிணவறைக்குக் கூட்டிப்போனபோது, இரும்பு இழுப்பறையை இழுத்த மறுநிமிடம் வந்த வாடை. அவர் யன்னலைத் திறந்தார். பனி உள்ளே வந்தது. வாடை வெளியே போகவில்லை.

பாயில் சாய்ந்தார். இடது கை பக்கத்தில் விழுந்த இடம் குளிர்ந்தது. மார்கழிக் குளிர் மாதிரி இல்லை. மார்கழிக் குளிர் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். இது ஓர் இடத்தில் தொடங்கி ஓர் இடத்தில் முடிந்தது. கையை மெல்ல நகர்த்திப் பார்த்தார். இங்கே குளிர், ஒரு விரல் தள்ளி இல்லை. ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஓரம் வளைந்தது. தோள் வரும் இடத்தில் அகன்றது. கழுத்து வரும் இடத்தில் ஒடுங்கியது.

கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முழுக்க அவர் அந்தக் காம்பராவைப் பார்த்துக்கொண்டே இஸ்தோப்பில் இருந்தார். அழகம்மா உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனாள். ஏன் சுற்றுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பேசிக்கொண்டே சுற்றினாள். கோழி உள்ளே புகுந்து, அந்த ஓரம்வரை வந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பியது.

லயத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பால் இல்லாத சாயத்தண்ணிகூட மேல் லயத்திலிருந்துதான் வரவேண்டும். டெனிஸ்டன் வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னான்: "எவன் வீட்டுல பொணத்த வச்சிக்கிட்டு சும்மா இருக்கானோ. எடுத்துப் போட்டாத்தானே நாங்க சோறு திங்கலாம்."

"வாய மூடுடா" என்றாள் செலினா. "புள்ளைங்க பயப்படுதுங்க."

அழகம்மா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏங்க, சன்னாசித் தம்பி ஞாயித்துக்கெழம பேசுனாரா? நான் கோயிலுக்குப் போயிட்டேன்."

"பேசுனான்."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கான்."

உள் காம்பராவில் ஒரு சொட்டு விழுந்தது. வெறும் சிமெந்துத் தரையில் தண்ணீர்ச் சொட்டு. கூரை ஒழுகவில்லை, மழையே இல்லை. இன்னொன்று விழுந்தது. அழகம்மா அவர் முகத்தையே பார்த்தாள். நாற்பது வருசம் ஒரே பாயில் கிடந்தவள். குனிந்து மறுபடி கூட்டத் தொடங்கினாள். அந்த விளக்குமாற்றுச் சத்தம் அவருக்கு அடியைவிட வலித்தது.

அன்றிரவு அவர் இஸ்தோப்பிலேயே படுத்தார். கண்ணை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவெடுத்தார். மகளுடைய வேலை போனாலும் போகட்டும். அந்த இரண்டு பேரும் திரும்பி வந்தாலும் வரட்டும். ஒரு சொல் சொன்னால் முடிகிற காரியம். அந்த ஒரு சொல்லுக்கு நான்கு நாள் நாக்கு எழவில்லையே, இது என்ன நாக்கு.

பனி மூடினால் லயத்தில் சிக்னல் வராது. தேயிலைக்கு நடுவே ரோட்டு வளைவுவரை ஏறவேண்டும். மூச்சு வாங்க ஏறி, மதகுச் சுவரில் உட்கார்ந்து போனை அமுக்கினார். கீழே பனிக்கு மேல் ஆறு காம்பராவின் புகைபோக்கிகள் மட்டும் தெரிந்தன.

"ஆர் கதைக்கிறது?"

"நான் நல்லையாம்மா. சன்னாசிக்கு அண்ணன்."

"அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனீங்கள், ஐயா."

"பொய் சொன்னேன்மா. பயத்துல சொன்னேன். எங்க கையெழுத்துப் போடணும்? இப்பவே போடுறேன். அவனை என்கிட்டக் குடுக்கச் சொல்லு."

"இப்ப சொல்லி என்ன செய்யிறது, ஐயா. இண்டைக்குக் காலமை பத்து மணி எண்டு சொன்னவை. இஞ்ச இப்ப பத்து ஆகப்போகுது. உள்ள கொண்டு போயிட்டினம். நாங்கள் நாலு பேர் வெளியில நிக்கிறம். சொந்தக்காரரை மட்டும்தான் விடுவினமாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அண்ணை வாசிக்கிற பேர் எல்லாம் அப்பிடித்தானே. என்ர ஆள் எண்டு சொல்ல ஒருத்தரும் வராத ஆக்கள். கடைசியில அவரும் அதுக்குள்ள போயிட்டார்."

நல்லையா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒண்டு மட்டும் விளங்கேல்லை, ஐயா. அண்ணை எப்பவும் எங்களோட பஸ்ஸிலதான் வீட்டை வருவார். திங்கக்கிழமை இரவில மட்டும், பிள்ளையளின்ர நினைப்பு வந்தா, திரும்ப வெளிக்கிட்டு, தனிய ஏரிக்கரையால நடந்து போவாராம். அது எங்களுக்கே தெரியாது. அவற்ர டயரியில பாத்துத்தான் தெரியும். அங்க ஆரும் காத்து நிண்டிருந்தா, அவனுக்கு அதை ஆர் சொன்னது?"

நல்லையாவுக்குத் தெரியும்.

ஆவணி மாதத்தில் அதே இரண்டு பேர் முதல்முறை வந்திருந்தார்கள். அப்போது காகிதம் இல்லை. சிரித்த முகத்தோடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, தம்பி அங்கே எப்படி இருக்கிறார், தனியாகவா இருக்கிறார் என்று கேட்டார்கள். யாரையும் நம்பாத நல்லையா, அவர்கள் சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். திங்கட்கிழமை. ஏரிக்கரை. தனியாக. உலகத்தில் அண்ணனிடம் மட்டும் தம்பி சொன்ன விசயம்.

"ஐயா, கேக்குதோ? இப்ப பத்து மணி. தொடங்கியிட்டினம்."

கீழே, முதல் காம்பராவின் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்தது. அடுத்ததிலிருந்து. அதற்கடுத்ததிலிருந்து. ஆறும் ஒரே நேரத்தில், கறுப்பாக, நேராக, காற்றே இல்லாதது போல் எழுந்தன. பனி அந்தப் புகையிலிருந்து விலகியது. வாடை வளைவுவரை ஏறி வந்தது. விறகு எரிகிற வாடை இல்லை.

போனை மதகிலேயே விட்டுவிட்டு ஓடினார். அறுபத்தாறு வயதுக் கால் தேயிலைச் செடியில் மாட்டி இரண்டு தரம் விழுந்தது. எழுந்தது.

லயத்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். டெனிஸ்டன் முகம் வெளுத்திருந்தது. "நான் பத்த வைக்கல மாமா. யாருமே பத்த வைக்கல. அடுப்புல வெறகே இல்ல."

அழகம்மா மட்டும் வாசலில் நின்றாள்.

"சன்னாசி செத்துட்டான், அழகு."

"எப்ப?"

"பதினோரு நாள் ஆச்சு."

அவள் அழவில்லை. "எனக்குச் சொல்லல."

"சொல்லல. என் தம்பியே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவன் எந்த வழியா போவான்னும் நான்தான் சொன்னேன்."

அவள் அவரை அறைந்திருக்கலாம். அறையவில்லை. உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு கை அரிசி அள்ளிவந்து அவர் கையில் திணித்து விரல்களை மடக்கினாள். "வாய்க்கரிசி போட்டாங்களா அவருக்கு?"

"யாரு போடுறது. யாரையும் உள்ள விடலையாம்."

"அப்ப போடுங்க. இப்பவே போடுங்க. எரிஞ்சு முடியிறதுக்குள்ள."

உள் காம்பராவில் அடுப்பு வெளிச்சம் சிவப்பாக ஆடியது. அடுப்பில் விறகு இல்லை. தரையில் அந்தக் குளிர் இருந்த இடம் ஈரமாக, ஆள் நீளத்துக்குக் கறுத்திருந்தது. நல்லையா மண்டியிட்டார். அரிசியை நீட்டினார். எங்கே போடுவது. வாய் எங்கே என்று தெரியவில்லை.

"தம்பி, வாடா. அண்ணன் கூப்புடுறேன், வா. நீ என் ஆளு. நீ பேரு வாசிச்சியே, யாரும் கேக்காத ஆளுங்க, அவுங்களும் என் ஆளுங்கதான். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. வந்து வாங்கிக்க."

அழகம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். "வான்னு சொல்லாதீங்க. ஐயோ, என்னா சொல்லிட்டீங்க."

சாவு வீட்டில் யாரும் வா என்று சொல்வதில்லை. வருகிறவரை வாங்க என்று கூப்பிடுவதில்லை, போகிறவர் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை, சும்மா எழுந்து போவார். எத்தனை சாவு பார்த்த ஆள் நல்லையா. ஒருநாளும் நாக்குத் தவறியதில்லை.

அடுப்பு அணைந்தது.

ஆறு அடுப்பும் அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக அணைவது கேட்டது. பகல் மூன்று மணி. யன்னலுக்கு வெளியே வெள்ளைப் பனி. சத்தம் இல்லை.

பிறகு சத்தம். ரோட்டு வளைவில். ஈரக் கால்கள். ஒன்று இல்லை. பத்து இல்லை. மண்ணில் சளக் சளக்கென்று, அவசரமில்லாமல், விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள் மாதிரி இறங்கி வந்தன.

அழகம்மா சேலையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

கதவு திறந்தே இருந்தது.

முதலில் வந்தது ஒரு பெண்பிள்ளை. ஆறு வயது இருக்கும். தலைமுடியிலிருந்து மணல் உதிர்ந்தது. வாசற்படிக்கு வந்து, கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கிறமாதிரி நின்று, முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்தது.

அதற்குப் பின்னால் ஒரு கிழவர். வாய் திறந்திருந்தது. அவருக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி. இருவர் வாயும் திறந்திருந்தன. முற்றம் முழுக்க. படிக்கட்டு முழுக்க. தேயிலைக்கு நடுவே ரோட்டுவரை, பனி முடிகிற இடம்வரை. ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் முண்டவில்லை.

நல்லையா அந்தப் பிள்ளையின் வாயில் இரண்டு அரிசி போட்டார். விழுகிற சத்தம் கேட்கவில்லை. பிள்ளை நகர்ந்தது. கிழவர் வந்தார். போட்டார். அடுத்தது. அடுத்தது. கையில் அரிசி குறையவில்லை. விரல் உதட்டில் பட்ட ஒவ்வொரு முறையும் குளிர் ஒரு எலும்பு ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. நிறுத்தப் பார்த்தார். கை நிற்கவில்லை.

வரிசையின் கடைசியில் சன்னாசி நின்றான். உடுப்பிலிருந்து ஏரித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவன் வாய் மட்டும் மூடியிருந்தது. யாரென்று தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் அண்ணனைப் பார்த்தான். வரிசை ஓரடி நகர்ந்தது. அவன் முறை கிட்டே வருமென்று நல்லையா வேகவேகமாகப் போட்டார்.

பனிக்குள்ளிருந்து இன்னும் ஒரு குடும்பம் வந்தது. சன்னாசி விலகி, அவர்களைத் தனக்கு முன்னால் விட்டான்.